இடிநாதன் ஏன் சங்கிலியை விட்டான்?

அண்ணன் இரண்டாவது தடவையும் தேறவில்லை என்று வருத்தப் பதிவகத்திலிருந்து தகவல் வந்தபோது இந்திராணிக்கு உள்ளுக்குள் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. தேறுவதற்கு முப்பத்தைந்து மதிப்பெண் வேண்டும். உலகநாதன் முதல் தடவை ஆறு வாங்கினான். இந்தத் தடவை எட்டு. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சையில்கூட அவன் இவ்வளவு கேவலமாக வாங்கியதில்லை.

காரணமானி வந்த பிறகு யாரும் யாரிடமும் சும்மா மன்னிப்புக் கேட்டுவிட முடிவதில்லை. கேட்கலாம், யார் நம்புவது? காதில் ஒரு கவ்வி, மணிக்கட்டில் ஒரு பட்டை, அவ்வளவுதான் கருவி. செய்ததைச் சொல்லி, வருந்துகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும். அந்த வருத்தம் எந்த நினைவில் கிளம்பி எதன் வழியாக வந்து சேர்ந்தது என்று நூல் பிடித்துக்கொண்டே போய், காரணம் எவ்வளவு கெட்டி என்று மதிப்பெண் போட்டுவிடும். காரணமில்லாமல் வந்த வருத்தம் காரணமில்லாமலே போய்விடும் என்பது பதிவகத்தின் கொள்கை. தப்பு என்றும் சொல்லிவிட முடியாது. ராத்திரி அடித்துவிட்டுக் காலையில் காலில் விழுகிற புருஷன்களை இந்த ஊர் எத்தனை பார்த்திருக்கிறது! இப்போது அவன் குனிவதற்கு முன்னால் அவள் கவ்வியை எடுத்து நீட்டிவிடுகிறாள். பென்சிலைத் திருடிய பிள்ளைக்கும் மதிப்பெண் உண்டு, தாமதமாக வந்த குமாஸ்தாவுக்கும் உண்டு.

ஒரு வருத்தத்தை மூன்று தடவைதான் அளப்பார்கள். மூன்றிலும் தவறினால் நிரந்தர விலக்கு. பிறகு ஆயுசுக்கும் எதிர்த்தரப்பு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, போனில் பேசக் கூடாது, ஆள் விட்டுச் சொல்லக் கூடாது. உலகநாதனுக்கு மூன்றாவது தடவை அடுத்த திங்கட்கிழமை. அதில் தவறினால் இந்திராணிக்கு அண்ணன் என்று ஒருவன் இல்லை. அப்படியே ஆகட்டும் என்றுதான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள், அல்லது நினைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் செய்தது சின்னக் காரியமில்லை. அவள் அந்தோணியைக் கல்யாணம் செய்துகொண்டு சென்னைக்கு வந்த நாளிலிருந்து திண்டிவனத்து வீட்டில் அவள் பேச்சையே எடுக்கக் கூடாது என்று வைத்திருந்தான். வைத்துவிட்டுப் போகட்டும். அப்பா படுக்கையில் விழுந்ததைச் சொல்லவில்லை. போய்ச் சேர்ந்ததையும் சொல்லவில்லை. கருமாதியெல்லாம் முடிந்த பிறகு, பழைய தோழி ஒருத்தி துக்கம் விசாரிக்கக் கூப்பிட்டபோதுதான் அப்பா இல்லை என்பதே இந்திராணிக்குத் தெரியும். விஷயம் தெரியாதவளிடம் போய்ச் சொல்லிவிட்டோமே என்று அந்தப் பெண் அழ, இவள் அவளைத் தேற்றும்படி ஆயிற்று. பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் சில நாள் சோற்றில் கை வைத்தவள் அப்படியே எழுந்துவிடுவாள்.

அப்படிப்பட்டவன் போன தை மாதம் திடுதிப்பென்று வாசலில் வந்து நின்று, தப்புப் பண்ணிவிட்டேன் என்றான். ஏன் இப்போது என்று கேட்டாள். தெரியவில்லை என்றான். உடம்புக்கு ஏதாவதா என்றால் இல்லை. பெண்டாட்டி பிள்ளைகளுக்கு ஏதாவதா என்றால் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள். சாமியார் யாராவது சொன்னாரா என்றால் அதுவும் இல்லை. பிறகு எதற்கு வந்தாய் என்று கேட்டுக் கதவைச் சாத்திவிட்டாள். அவன் நேரே பதிவகத்துக்குப் போய் மனுப் போட்டான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், காரணம் தேடுவதுதான் இந்திராணிக்குச் சோறு போடும் தொழில். வளசரவாக்கத்தில் உயிர்வரைப் படங்கள் எடுக்கும் கம்பெனி ஒன்றில் அவள் காரணர். முன்பெல்லாம் கேலிச்சித்திரப் படங்களில் ஒவ்வோர் அசைவையும் வரைந்து மாய்ந்தார்களாம். இப்போது உருவத்தை ஒரு தடவை வரைந்து, உள்ளே மனக்கரு என்ற ஒன்றை வைத்து, நிகழ்களத்தில் இறக்கிவிடுகிறார்கள். நிகழ்களம் என்பது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒளியால் ஆன ஓர் உலகம். நிலைமை இன்னது என்று சொல்லிவிட்டால் உருவங்கள் தாமே பேசும், சண்டை போடும், காதலிக்கும். டைரக்டருக்குப் பிடித்தால் வைத்துக்கொள்வார். பிடிக்காவிட்டால் ‘நிறுத்து’ என்பார். நடந்ததை உருவங்களின் நினைவிலிருந்து துடைத்துவிட்டு மறுபடி ‘ஆரம்பம்’. ஒவ்வொரு பாத்திரமும் செய்கிற காரியத்துக்குக் காரணம் போதுமா என்று அளந்து, போதாத இடத்தில் எதைச் சேர்த்தால் சரியாகும் என்று சொல்வது காரணரின் வேலை. ஏனென்றால் படத்துக்கும் காரணச் சான்று வேண்டும், அதிலும் முப்பத்தைந்துதான் கணக்கு. ஜனங்களும் பழகிவிட்டார்கள். திரையில் ஒருத்தன் திருந்தினால் பக்கத்து நாற்காலிக்காரர் நம் பக்கம் திரும்பி, “எதனால?” என்கிறார்.

அந்தக் கம்பெனியைத்தான் இப்போது இடிநாதன் படுத்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

இடிநாதன் வில்லன். பனைமர உயரம், நாலு பேர் ஊஞ்சலாடலாம் போன்ற மீசை. கடலின் அலைகளையெல்லாம் பிடித்து மலைக்குப் பின்னால் அடைத்து வைத்திருப்பவன். கோபுரத்தின் மேல் நின்று சங்கிலியை இழுத்தால் கல்கதவு திறந்து கரையோர ஊர் மொத்தமும் முழுகிப்போகும். கடைசிக் காட்சியில் அவன் அதை இழுக்க வேண்டும், ஊர் முழுக வேண்டும், கதாநாயகி நீந்தி வந்து அவனை வீழ்த்த வேண்டும். ஆரம்பத்தில் ஒழுங்காக இழுத்துக்கொண்டுதான் இருந்தான். டைரக்டர் குணாளன்தான் அலை விழுந்த அழகு போதவில்லை, வெளிச்சம் போதவில்லை என்று மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப எடுத்தார். பாவம் அந்த ஊர் தினமும் முழுகி எழுந்தது.

பிறகு ஒருநாள் இடிநாதன் சங்கிலியைப் பிடித்தான். கீழே கரையில் நின்றவர்களைப் பார்த்தான். விட்டுவிட்டான். அவ்வளவு பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்து மணலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

குணாளன் ‘நிறுத்து’ சொல்லவே மறந்துபோனார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏழு வருஷமாக இந்தப் படத்தோடு மல்லுக்கட்டியதற்கு இதுதான் கூலி, இதைத்தான் வைக்கப்போகிறேன் என்றார். காரணமானியை வைத்து அளந்தார்கள். நான்கு.

அதற்குப் பிறகு எத்தனை தடவை எடுத்தாலும் அதே கதைதான். விட்டுவிட்டு வந்து மணலில் உட்கார்ந்தான். நினைவைத் துடைப்பதற்கு முன்னால் இந்திராணி, உருவங்களோடு பேசுவதற்கென்று இருந்த பேச்சுக் கண்ணாடி வழியாக அவனை விசாரித்தாள். ஏன் விட்டாய்?

“அறியேன் அம்மையே,” என்றான் இடிநாதன், மலை உருள்கிற குரலில். “இழுக்கத்தான் போனேன். கை மறுத்துவிட்டது.”

அறியேனாம். இவனும் அண்ணன் கட்சி. அவளுக்கு எரிச்சல் பொங்கிக்கொண்டு வந்தது.

காரணம் இல்லாவிட்டால் செய்து போட்டுவிடுவது என்று இறங்கினார்கள். வில்லன் திருந்துவதற்கென்று இந்தத் தொழிலில் கைகண்ட சமாச்சாரங்கள் உண்டு. முதலில் செத்துப்போன தாயை நினைவில் சொருகினார்கள், அதற்கு மட்டுமே முப்பது மதிப்பெண் நிச்சயம். இடிநாதன் அந்த அம்மாளை மரியாதையாகப் பார்த்து, தாங்கள் யார் என்று கேட்டான். தாலாட்டு ஒன்றைச் சேர்த்தார்கள், சுருதி இறங்கியிருக்கிறது என்றான். பிறகு பூவோடு ஒரு குழந்தையைப் படியேற்றி அனுப்பினார்கள். குழந்தை பாதிப் படி ஏறுவதற்குள் அவன் சங்கிலியை விட்டுவிட்டு எதிரே இறங்கி வந்துகொண்டிருந்தான். குழந்தையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டதுதான் மிச்சம், மதிப்பெண் நாலைத் தாண்டவில்லை.

தயாரிப்பாளர் பொறுமை இழந்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் காரணம் கிடைக்காவிட்டால் இடிநாதனின் மனக்கருவை மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டு, ஊரை மூழ்கடித்துப் படத்தை முடியுங்கள் என்று சொல்லி அனுப்பினார். குணாளன் அன்று சாப்பிடவில்லை. இந்திராணிக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது, ஆனால் மனசின் ஒரு மூலையில், அழிக்கட்டுமே என்றும் இருந்தது. காரணம் சொல்லத் தெரியாதவர்களை இந்த உலகம் எதற்குச் சுமக்க வேண்டும்?

வியாழக்கிழமை மத்தியானம் அவள் கைபேசியில் பதிவகத்தின் நினைவூட்டல் வந்தது. திங்கட்கிழமை அளவைக்கு எதிர்த்தரப்பு நேரில் வர வேண்டும், மூன்றாவது அளவைக்கு அதுதான் விதி. அவள் முகம் போன போக்கைப் பார்த்தால் கேன்டீனில் பத்துப் பேர் என்ன என்ன என்று கேட்பார்கள். அதனால் ‘நிறுத்து’ சொல்லி எல்லாரும் சாப்பிடப் போனபோது அவள் மட்டும் போகாமல் இருட்டில் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நிகழ்களத்தை அணைத்துவிட்டால் மறுபடி சூடேற வெகுநேரம் பிடிக்கும் என்பதால் சாப்பாட்டு வேளையில் அதை அப்படியே விட்டுவிடுவது வழக்கம். அதை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. கடை சாத்திய பிறகு கடைத்தெருவில் என்ன இருக்கிறது பார்க்க?

உருவங்கள் களத்தைவிட்டு ஓய்வு முற்றத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. முற்றத்துக்கு ஒரே வாசல், இடிநாதனின் கோபுரப் படிக்கட்டுக்குப் பக்கத்தில். கரையில் நின்ற ஊர் ஜனம் முழுதும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். மேலேயிருந்து இறங்குகிறவன் என்பதால் இடிநாதன் எப்போதும் கடைசி. அவன் படியடியில் ஒதுங்கி நின்றான்.

மீன்கூடையைத் தலையில் வைத்திருந்த ஒருத்தி அவனைத் தாண்டும்போது நின்று, “போயிட்டு வர்றேங்க,” என்றாள்.

“போயிட்டு வாங்க,” என்றான் இடிநாதன்.

இந்திராணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மலை உருள்கிற குரல் இல்லை இது. எந்தத் தெருவிலும், எந்த வீட்டு வாசலிலும் கேட்கிற குரல்.

அடுத்து வலைக்காரன் ஒருவன் போயிட்டு வர்றேன் என்றான். அவனுக்கும் பதில். பிறகு மூன்று பெண்கள், ஒரு தச்சன், காலைச் சாய்த்து நடக்கிற ஓர் ஆள். எல்லாரும் சொன்னார்கள், எல்லாருக்கும் பதில் சொன்னான். கால் சாய்த்தவனிடம் மட்டும், “பாத்துப் போங்க, அங்க கல்லு கிடக்கு,” என்றான். கடைசி ஆளும் போன பிறகு வாசலையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தானும் போனான்.

அவள் கேன்டீனுக்கே ஓடிப்போய், களத்தை இயக்குகிற பெனடிக்டைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். பாதி இட்லி வாயில் இருக்க அவன் விளக்கினான். ஊர் ஜனத்தின் உருவங்களை அவர்கள் சொந்தமாகச் செய்யவில்லை. குடும்பத் தொடர் எடுக்கும் ஒரு கம்பெனியிடமிருந்து மொத்தமாக வாங்கியது. அவற்றின் மனக்கருவுக்கு அடியில் பழக்க அடுக்கு என்று ஒன்று உண்டு. பெரியவர் வந்தால் எழுந்து நிற்பது, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவது, கிளம்பும்போது இருக்கிறவரிடம் சொல்லிக்கொண்டு கிளம்புவது, இந்த மாதிரி. இடிநாதனுக்கும் அதையே போட்டிருந்தார்கள். எதிரே நிற்பவன் வில்லனா அப்பாவா என்று அந்த அடுக்குக்குத் தெரியாது. போகிறேன் என்று சொல்லக் கூடாது, போயிட்டு வர்றேன் என்றுதான் சொல்ல வேண்டும், சொன்னவருக்குப் போயிட்டு வாங்க என்றுதான் பதில் சொல்ல வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

“சரி, இதெல்லாம் துடைச்சிருவோம்ல?” என்றாள் இந்திராணி.

பெனடிக்ட் மெல்லுவதை நிறுத்தினான். அவர்கள் துடைப்பது ‘ஆரம்ப’த்துக்கும் ‘நிறுத்து’க்கும் நடுவில் உள்ளதைத்தான். படம் அங்கேதானே நடக்கிறது. நிறுத்திய பிறகு வாசல்வரை நடந்துபோகிற அந்த ஒரு நிமிஷத்தை அழிக்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றியதே இல்லை.

ஆக, மாதக்கணக்கில் இடிநாதன் ஊரை அழித்த நினைவு ஒன்றுகூட அவனிடம் இல்லை. எல்லாம் துடைத்தாயிற்று. அவனிடம் தங்கியிருந்ததெல்லாம் வழியனுப்பி வைத்த நினைவுதான்.

களத்தில் நடப்பதெல்லாம் தானாகவே பதிவாகிற ஏற்பாடு இருந்தது. இரண்டு பேரும் பழையதைத் தோண்டி எடுத்தார்கள். தொடக்கத்தில் ஜனங்கள் சொல்லிக்கொண்டு போகும்போது இடிநாதன் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நாளில் ‘ம்’ என்றான். பிறகு தலையசைத்தான். அப்புறம் பதில் சொல்ல ஆரம்பித்தான். ஒருநாள் மீன்கூடைக்காரி யாருடனோ பேசிக்கொண்டே சொல்லாமல் தாண்டிவிட்டாள். இரண்டெட்டுப் போனவள் திரும்பி வந்து சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு அந்தப் பெரிய முகம் மலர்ந்ததைப் பார்த்து இந்திராணிக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. அதற்கு அடுத்த தடவைதான் அவன் முதன்முதலாகச் சங்கிலியை விட்டது.

குணாளன் வந்து பார்த்தார். நம்ப ஆசையாக இருந்தது அவருக்கு, அதனாலேயே சந்தேகப்பட்டார். இது வெறும் தற்செயலாக இருந்தால்? பெனடிக்ட் ஒரு யோசனை சொன்னான். இடிநாதனின் மனக்கருவைப் படியெடுத்து, அந்தப் படியில் வழியனுப்பின நிமிஷங்களை மட்டும் துடைத்துவிட்டுக் களத்தில் விட்டுப் பார்ப்பது. விட்டார்கள். அந்த இடிநாதன் தட்டுத் தடங்கல் இல்லாமல் கோபுரம் ஏறினான், கீழே பார்த்தான், சிரித்தான், இழுத்தான். ஊர் முழுகிற்று. கூடை ஒன்று மட்டும் மேலே மிதந்தது. பெனடிக்ட் அந்தப் படியை உடனே அழித்துவிட்டான், அழிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

இந்திராணி கடைசியாக ஒரு தடவை அசல் இடிநாதனைக் கூப்பிட்டாள். இந்தத் தடவை ஏன் என்று கேட்கவில்லை. கரையில் நிற்கிறார்களே, அவர்களை உனக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டாள். அவன் கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“வாங்கன்னு சொல்லியிருக்கேன்,” என்றான். “வந்திருக்காங்க.”

அதைக் கேட்டதும் இந்திராணி எழுந்து வெளியே போய், மோட்டார் சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்தில் நின்று அழுதாள். துக்கத்தில் வந்த அழுகை இல்லை. பன்னிரண்டு வருஷமாக ஒரே கணக்கைப் போட்டுப் போட்டு விடை வராமல் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தவளுக்கு, கணக்கில் பாதி வேறு தாளில் இருந்தது என்று யாரோ சொன்னதுபோல் இருந்தது. அண்ணன் ஏன் திருந்தினான் என்று அவள் தன்னையும் அவனையும் மட்டுமே வைத்துத் தேடிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அவனுக்கும் நடுவில் பன்னிரண்டு வருஷம் ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் அவனுக்கு நடந்திருக்கும். அவள் பார்க்காத வாசல்களில் யார் யாரோ அவனிடம் சொல்லிக்கொண்டு போயிருப்பார்கள். எது என்று அவளுக்குத் தெரியப்போவதில்லை. அவனுக்கே தெரியாது. தெரியாது என்று அவன் சொன்னது பொய்யில்லை. மாரிலிருந்து ஒரு அம்மிக்கல்லை இறக்கி வைத்த மாதிரி அவள் மூச்சு விட்டாள்.

படத்துக்கும் ஒரு வழி பிறந்தது. அந்த நிமிஷங்களையும் சேர்த்து அளந்தால் மதிப்பெண் தொண்ணூறைத் தாண்டியது. ஆனால் சான்று கொடுக்கிறவர்கள் படத்துக்குள் இருப்பதை மட்டும்தான் அளப்பார்கள். அந்த நிமிஷங்களைப் படத்தில் சேர்த்துவிடலாமே என்று பெனடிக்ட் கேட்டான். குணாளன் மாட்டேன் என்றுவிட்டார். காரணம் போதாத காட்சி உள்ள படத்தை எச்சரிக்கை வாசகத்தோடு வெளியிடலாம் என்று ஒரு விதி இருந்தது. இதுவரை ஒருத்தரும் அந்த அவமானத்தைத் தேடிக்கொண்டதில்லை. குணாளன் தயாரிப்பாளரிடம் ஒரு மணி நேரம் கத்திவிட்டு வந்து, நாலு மதிப்பெண்ணோடேயே போகட்டும், பார்க்கிறவன் வீட்டுக்குப் போய் யோசிக்கட்டும் என்றார். இடிநாதனை அழிக்கவில்லை. அன்று சாயங்காலம் கிளம்பும்போது இந்திராணி பேச்சுக் கண்ணாடியில் அவனிடம் சொல்லிக்கொண்டுதான் கிளம்பினாள்.

திங்கட்கிழமை பதிவகத்தில் உலகநாதன் அவளுக்கு முன்னாலேயே வந்து, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தான். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்தான், என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். பதிவாளர் ஓர் அம்மாள், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, அலுத்துப்போன முகத்தோடு கவ்வியை மாட்டி, வழக்கமான கேள்வியைக் கேட்டார். ஏன் வருந்துகிறீர்கள்?

மூன்று மாதம் கிடைத்திருக்கிறது அவனுக்கு. வெளியே காரணம் சொல்லிக்கொடுக்கிற ஆட்கள் மரத்துக்கு மரம் கடை போட்டிருக்கிறார்கள். எதையாவது மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கலாம். உலகநாதன் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

“தெரியலைங்க. ஒருநாள் காலைல பல்லு தேச்சிட்டிருந்தேன். தங்கச்சிக்குச் சொல்லியிருக்கணும், அவ வந்து அப்பா முகத்தைப் பாத்திருக்கணும்னு தோணுச்சு. வாயக் கொப்புளிக்கக்கூட முடியல. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியல.”

ஏழு.

பதிவாளர் முத்திரையை எடுத்தபோது இந்திராணி கையைத் தூக்கினாள். தேறாத வருத்தத்தையும் எதிர்த்தரப்பு விரும்பினால் ஏற்கலாம் என்று விதியிருக்கிறது இல்லையா என்று கேட்டாள். பதிவாளர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். இருக்கிறது, பதிவகம் திறந்த நாளிலிருந்து யாரும் கேட்டதில்லை.

“நான் ஏத்துக்கறேன்,” என்றாள் இந்திராணி.

உலகநாதன் நிமிர்ந்து பார்த்தான். பதிவாளர் சங்கடத்தோடு கவ்வியை இந்தப் பக்கம் நீட்டினார். தேறாத வருத்தத்தை ஒருவர் ஏற்றால் அந்த ஏற்பையும் அளக்க வேண்டும். மிரட்டியோ கெஞ்சியோ வாங்கியதாக இருந்துவிடக் கூடாது பாருங்கள். இந்திராணி கவ்வியை மாட்டிக்கொண்டாள். எத்தனை பேருக்கு மாட்டிவிட்டிருக்கிறாள், தன் காதில் அது இவ்வளவு சில்லென்று இருக்கும் என்று தெரியாது. ஏன் மன்னிக்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

காரணம் அவளுக்குத் தெரியும். ஊரிலேயே பெரிய காரணர், தெரியாமல் இருக்குமா? ஓர் ஒளிக் களத்தில், கூடையோடு ஒருத்தி சொல்லிக்கொண்டு போனதையும், பனைமர உயரத்தில் ஒருவன் பதில் சொன்னதையும், கூடை மட்டும் மிதந்ததையும் விலாவாரியாகச் சொன்னாள். பதிவாளர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். கருவியும் கேட்டது. அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது என்பதற்காக, மனு செய்தவருக்கும் எதிர்த்தரப்புக்கும் இடையில் நடந்ததைத் தவிர வேறெதையும் அது தொடக் கூடாது என்று கட்டளை. அந்த எல்லைக்குள் தேடித் தேடிப் பார்த்து, மூன்று என்று காட்டியது.

“காரணம் இருக்குன்னு எனக்குப் புரியுதும்மா,” என்றார் பதிவாளர் தாழ்ந்த குரலில். “ஆனா கோப்புக்கு வெளியில இருக்கே. நான் என்ன செய்யட்டும்?”

மன்னிப்புச் செல்லாது என்று முத்திரை விழுந்தது. அதன் மேலேயே நிரந்தர விலக்கும் விழுந்தது. ஆளுக்கொரு பிரதியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். உலகநாதன் விதிக்குப் பயந்தவன், பத்தடி தள்ளியே நடந்தான். பழைய கார் ஒன்று வேப்பமரத்தடியில் நின்றது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கிளம்பவும் மனசில்லாமல், பேசவும் கூடாமல், சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான். இவள் வெயிலில் நின்று விலக்கு உத்தரவை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். படித்துக்கொண்டே வந்தவள் சிரிக்க ஆரம்பித்தாள். அவன் பயந்துபோய்ப் பார்த்தான்.

அவள் நேரே நடந்து வந்து, மறுபக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள்.

“இந்திரா, கூடாது,” என்றான் உலகநாதன். “பேசக்கூட...”

“நீ என் வீட்டுக்கு வரக் கூடாது, நீ எனக்குப் போன் பண்ணக் கூடாது, நீ ஆள் அனுப்பக் கூடாது. எல்லாம் உனக்குத்தான் போட்டிருக்கு அண்ணா. நான் உன் வீட்டுக்கு வரக் கூடாதுன்னு இதுல ஒரு வரி இல்ல.”

மனிதர்கள் காரணமில்லாமல் திருந்துவார்கள் என்றே நம்பாதவர்கள் எழுதிய சட்டம். மன்னிக்கிறவள் கிளம்பித் தானாகப் போய்விடுவாள் என்று அவர்கள் எங்கே யோசிக்கப்போகிறார்கள்? அந்தோணிக்கு ஒரு வார்த்தை, திண்டிவனம் போகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கைபேசியை வைத்தாள். அப்பாவுடைய அறையில் அந்தக் கட்டில் இன்னும் கிடக்கிறதா என்று கேட்டாள். கிடக்கிறது, யாரும் படுப்பதில்லை என்றான். அதில் படுத்துத் தூங்க வேண்டும் போல் இருந்தது அவளுக்கு.

உலகநாதன் வண்டியை எடுத்தான். பெருங்களத்தூர் தாண்டும்வரை சாலையைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை. பிறகு அடக்கமாட்டாமல், எல்லாரையும்போல, இந்தக் காலத்து மனிதர் எவரும் கேட்பதையே கேட்டான்.

“நான் செஞ்சதுக்கு... எதனால இந்திரா என்னை மன்னிச்ச?”

“தெரியல அண்ணா,” என்றாள் இந்திராணி. “ரோட்டைப் பாத்து ஓட்டு.”